மௌனம் தெரியாத குழல்

நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். கன்னத்தில் தேக்கிய காற்றைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார். சுருதி ஒரு கணமும் அறுபடாது. லேசில் கைவராத வித்தை அது. ஸ்காட்லாந்து மலைநாட்டு பேக்பைப் அதே வேலையை ஒரு தோல்பையிடம் ஒப்படைத்துவிடுகிறது. வாசிப்பவர் ஊதுகுழாய் வழியாகப் பையை நிரப்புகிறார். மூச்சு வாங்கும் நேரத்தில் அக்குளில் இடுக்கிய பையைக் கையால் அமுக்குகிறார். ஊதுகுழாயின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு, சைக்கிள் பம்பின் வாஷரைப் போல, உள்ளே போன காற்றைத் திரும்பி வர விடாது.

பைக்குள் போன காற்றுக்கு வெளியேற நான்கு வழிகள் உண்டு. ஒன்று சான்ட்டர்: துளைகள் கொண்ட, மெட்டு வாசிக்கும் குழல். நம் நாகஸ்வரத்தின் சீவாளியைப் போல இரண்டு நாணல் தகடுகள் அதன் உச்சியில் துடிக்கின்றன. மற்ற மூன்றும் தோளில் சாய்ந்து நிற்கும் ட்ரோன்கள். அவை ஒத்துக்குழல்கள். இரண்டு டெனர், ஒரு பாஸ். ஒவ்வொன்றிலும் ஒற்றைத் தகடு. மூன்றும் எப்போதும் ஒரே ஆதார சுரத்தைத்தான் ஒலிக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வரவும் இரண்டு செலவும் உண்டு. வரவு, தீராத மூச்சு. முதல் செலவு, மௌனம். பையில் அழுத்தம் இருக்கும்வரை சான்ட்டர் ஒலித்துக்கொண்டே இருக்கும். நாக்கால் தட்டி ஒரு சுரத்தை வெட்ட வழியில்லை, ஏனென்றால் சீவாளி வாயிலேயே இல்லை. இரண்டாவது செலவு, ஏற்ற இறக்கம். மெல்ல ஊதினால் மெல்லிய ஒலி, பலமாக ஊதினால் பெரிய ஒலி என்பது இங்கே நடக்காது. அழுத்தம் குறைந்தால் சான்ட்டர் கிறீச்சிட்டு நின்றுபோகும். கூடினால் சுருதி ஏறும், ட்ரோன் தகடுகள் மூடிக்கொண்டு ஊமையாகிவிடவும் கூடும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பட்டைக்குள்தான் இந்தக் கருவி பேசும். பேக்பைப் கற்க வருகிறவர் முதல் சில ஆண்டுகளில் படும் பாடெல்லாம் இந்த இரண்டு செலவுகளையும் ஈடுகட்டுவதற்குத்தான்.

பை இல்லாத பாடம்

1944-இல் கிளாஸ்கோ நகரில் ‘காலேஜ் ஆஃப் பைப்பிங்’ தொடங்கப்பட்டது. தொடங்கிய இருவரில் ஒருவரான ஷேமஸ் மெக்நீல் பைப்பர் மட்டுமல்லர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். சான்ட்டரின் ஒவ்வொரு சுரமும் எத்தனை அதிர்வெண்ணில் ஒலிக்கிறது என்று 1950-களில் ஜான் லெனிஹனுடன் சேர்ந்து அளந்து எழுதினார். அதே காலத்தில் அந்தக் கல்லூரி வெளியிட்ட பச்சை அட்டைப் பாடப்புத்தகம் இன்றுவரை உலகெங்கும் புதியவர்களின் கையில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் பையே வராது.

கற்க வருகிறவருக்கு முதலில் தருவது ‘பிராக்டிஸ் சான்ட்டர்’. பையும் ட்ரோனும் இல்லாமல், நேராக வாயில் வைத்து ஊதும் பயிற்சிக் குழல். பெரும்பாலும் பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் தகடும் பிளாஸ்டிக். ஆறு மாதமோ ஒரு வருடமோ இதோடுதான் வாழ்க்கை. வீட்டாருக்கு அது பெரிய ஆறுதல், ஏனென்றால் இதன் ஒலி அடக்கமானது, உண்மையான சான்ட்டரைவிட ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே.

இரண்டு குழல்களும் நீளத்தில் பெரிதாக வேறுபடுவதில்லை. பிறகு ஏன் ஒரு ஸ்தாயி வித்தியாசம்? விடை உட்துளையின் வடிவத்தில் இருக்கிறது. பயிற்சிக் குழலின் துளை உருளை. ஒரு முனையில் தகடு அடைத்திருக்கும் உருளைக்குள் அலைநீளத்தின் கால் பங்கு மட்டுமே அடங்கும். உண்மையான சான்ட்டரின் துளை கீழே போகப்போக விரியும் கூம்பு. கூம்பு, தகடு இருந்தாலும் இருபுறமும் திறந்த குழலைப் போலவே நடந்துகொள்கிறது. அதில் அலைநீளத்தின் பாதி அடங்கும். ஒரே நீளத்தில் ஒன்று கால் அலை, மற்றது அரை அலை. அதனால் அதிர்வெண் இரட்டிப்பாகிறது.

இதே கணக்கு ட்ரோன்களுக்கும் பொருந்தும். அவற்றின் துளை உருளை. 120 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பாஸ் ட்ரோனின் அலைநீளம் கிட்டத்தட்ட 2.9 மீட்டர், அதன் கால் பங்கு 72 சென்டிமீட்டர். தோளில் சாய்த்துக்கொண்டு நடக்க ஏற்ற நீளம். கூம்பாக இருந்திருந்தால் அதே சுரத்துக்கு இரு மடங்கு நீளமான குழல் தேவைப்பட்டிருக்கும்.

ஐந்து விரல்கள், ஒரே கணம்

சான்ட்டரில் மொத்தம் ஒன்பது சுரங்கள்தான். ஆதார சுரமான லோ ஏ-யை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பார்த்தால் நமக்குப் பழகிய ஹரிகாம்போதி வரும். கீழே கூடுதலாக ஒரு நிஷாதம். ஒன்பதே சுரம் என்றதும் எளிது என்று தோன்றும். ஆனால் சிக்கல் சுரங்களில் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் இருக்கிறது.

மத்தியமத்திலிருந்து பஞ்சமத்துக்கு, அதாவது டி-யிலிருந்து இ-க்குப் போவதை எடுத்துக்கொள்வோம். டி வாசிக்கும்போது மேலே இருக்கும் இடக்கை எல்லாத் துளைகளையும் மூடியிருக்கிறது. கீழே வலக்கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் தூக்கியிருக்கின்றன, சுண்டுவிரல் மூடியிருக்கிறது. இ-க்கு வர வேண்டுமானால் இடக்கையின் மோதிர விரல் எழ வேண்டும். வலக்கையில் தூக்கிய மூன்றும் இறங்க வேண்டும். சுண்டுவிரல் எழ வேண்டும். இரண்டு எழுகின்றன, மூன்று இறங்குகின்றன. ஐந்தும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். இறங்கும் விரல்கள் ஒரு இம்மி முந்திவிட்டால் எல்லாத் துளைகளும் மூடிய நிலை நடுவில் வந்துவிடும். கேட்கவே கூடாத ஒரு கீழ்ச்சுரம் இடையில் எட்டிப் பார்க்கும். பைப்பர்கள் இதை ‘கிராஸிங் நாய்ஸ்’ என்பார்கள். மற்றக் குழல்களிலும் விரல்கள் இப்படித் தடுமாறும்தான். ஆனால் அங்கே நாக்கின் ஒரு தட்டல் அதை மறைத்துவிடும். இங்கே ஒலி நிற்பதே இல்லை என்பதால் எந்தப் பிசகும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அடுத்த சிக்கல் இதைவிட அடிப்படையானது. ஒரே சுரத்தை இரண்டு முறை அடுத்தடுத்து வாசிப்பது எப்படி? ஒலி நிற்காது என்றால் இரண்டு லோ ஏ-க்களும் ஒட்டிக்கொண்டு ஒரு நீண்ட லோ ஏ ஆகிவிடும். இதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் ‘கிரேஸ் நோட்’. இடக்கை ஆள்காட்டி விரலை ஒரு நொடியின் சிறு துணுக்கு நேரம் எடுத்து வைத்தால் ஒரு மேல்சுரம் பொறிபோலத் தெறித்து மறையும். காது அதைத் தனிச் சுரமாகக் கேட்பதில்லை. ஒரு வெட்டாகத்தான் கேட்கிறது. மௌனத்தால் பிரிக்க முடியாததை இன்னொரு ஒலியால் பிரிக்கிறார்கள். இந்தத் தெறிப்புகளைக் கோத்துக் கோத்து இரட்டிப்புகள், பிடிகள், கேலிக் மொழிப் பெயர்கள் கொண்ட டாவர்லுவா, குருன்லுவா என்று பல அடுக்குகள் பிறந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை அலங்காரம். உண்மையில் இந்த இசையின் நிறுத்தற்குறிகள் அவை.

கிரேஸ் நோட்டுகளில் அடிக்கடி வருபவை மூன்று: இடக்கை ஆள்காட்டி விரலால் ஜி, வலக்கை ஆள்காட்டி விரலால் டி, இடக்கை மோதிர விரலால் இ. மூன்றாவதுதான் எல்லோரையும் அழவைக்கிறது. காரணம் தெரிய வேண்டுமானால் உங்கள் கையை மேசைமேல் விரித்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மற்ற விரல்கள் மேசையில் படிந்திருக்க, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். எழாது. புறங்கையில் விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் ஒன்றோடொன்று குறுக்கு இழைகளால் பிணைந்திருக்கின்றன. நடுவிரல் கட்டுண்டால் மோதிர விரலும் கட்டுண்டுவிடும். நடுவிரல் மடங்காத நிலையிலும் மோதிர விரலுக்கு முழுச் சுதந்திரம் கிடையாது. பயிற்சி அந்த இழைகளை அறுப்பதில்லை. இருக்கும் சிறு அசைவையே துல்லியமாகப் பயன்படுத்த மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

ஆசிரியர்கள் ‘மெதுவாக, மெதுவாக’ என்று நச்சரிப்பதும் இதனால்தான். விரல்கள் எந்த வரிசையில் அசைகின்றனவோ அந்த வரிசையையே மூளை பதிவுசெய்கிறது. வேகத்தில் வாசித்த தப்பும் பதிவாகிவிடும். இன்னொரு செய்தியும் கற்பவருக்கு நம்பிக்கை தரும். 2002-இல் மேத்யூ வாக்கரும் சகாக்களும், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டுவதைக் கண்டார்கள். அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி, முந்தைய நாளின் களைப்பு நீங்கியதால் வந்தது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் நடைமுறைப் பாடம் ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் மேல்.

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 75 கிராம்

ஆறேழு மெட்டுகள் மனப்பாடமான பிறகு ஒரு நாள் முழுக் கருவி கைக்கு வரும். அன்று பெரும்பாலோர் அதிர்ந்துபோவார்கள். விரல்கள் எல்லாம் தெரிந்தவை, ஆனால் இரண்டு நிமிடத்தில் உதடு தளர்ந்துவிடும், தலை கிறுகிறுக்கும்.

பையின் அழுத்தத்தை அளக்க பைப்பர்கள் பயன்படுத்தும் கருவியை யாரும் வீட்டிலேயே செய்யலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை U வடிவில் வளைத்துச் சுவரில் மாட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பையோடு இணைத்தால் போதும். ஊதினால் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசமே அழுத்தம். சாதாரணமாகப் பேசும்போது நம் நுரையீரல் தரும் அழுத்தம் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீர்மட்டம். நடுத்தரச் சீவாளி போட்ட சான்ட்டருக்கு 75 சென்டிமீட்டர் அளவில் தேவைப்படும்.

75 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 75 கிராம் எடை. கை பையில் பதியும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் கை ஏழரைக் கிலோ எடைக்கு ஈடாக அமுக்கியாக வேண்டும். நுரையீரல் விட்ட இடத்தில் கை அதே அழுத்தத்தைப் பிடிக்க வேண்டும். கை விட்ட இடத்தில் நுரையீரல்.

புதியவர் சறுக்குவது இந்தக் கைமாற்றில்தான். ஊதிக்கொண்டிருக்கும்போதே பயத்தில் கையும் அமுக்கும். U குழாயில் தண்ணீர் துள்ளும். அல்லது கை தாமதிக்கும், தண்ணீர் சரியும். அழுத்தம் மாறினால் சான்ட்டரின் சுருதியும் ட்ரோனின் சுருதியும் ஒரே அளவில் மாறுவதில்லை என்பதால் இரண்டும் விலகிப்போய், ஒவ்வொரு மூச்சுக்கும் கருவி ஒருமுறை முனகும். அதனால் தொடக்கத்தில் சான்ட்டரையும் இரண்டு ட்ரோன்களையும் அடைத்துவிட்டு ஒரே ஒரு ட்ரோனை மட்டும் ஒலிக்கவிட்டுப் பழகச் சொல்கிறார்கள். மெட்டு கிடையாது. ஒரே சுரம், நேர்கோடாக, மூச்சு எங்கே மாறுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி. தண்ணீர்மட்டம் அசையாமல் நிற்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்த ட்ரோன் திறக்கும்.

விம்மல் அடங்கும் இடம்

அழுத்தம் நிலைத்தால்தான் சுருதி சேர்ப்பதில் பொருள் இருக்கும். ஒரு டெனர் ட்ரோன் 240 ஹெர்ட்ஸிலும் மற்றது 242-லும் ஒலித்தால், நொடிக்கு இரண்டு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். பள்ளிப் பாடத்தில் படித்த விம்மல் இதுதான். ட்ரோன் இரண்டு மூன்று துண்டுகளால் ஆனது. ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் மூட்டை மேலே இழுத்தால் குழல் நீண்டு சுருதி இறங்கும், கீழே தள்ளினால் ஏறும். வாசிப்பவர் ஒரு கையால் சான்ட்டரில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையை மேலே நீட்டி மூட்டைத் திருகித் திருகி நகர்த்துவார். வேகமான விம்மல் மெதுவாகி, நீண்டு, ஓரிடத்தில் அடங்கும். அப்போது மூன்று ட்ரோன்களும் ஒன்றாகி, தனித்தனியே எதுவும் கேட்காமல், கருவியே பெரிதானது போலத் தோன்றும்.

ஒருமுறை சேர்த்த சுருதி அப்படியே நிற்காது. காற்று 10 டிகிரி சூடானால் அதில் ஒலியின் வேகம் 1.7 சதவீதம் கூடும். 480 ஹெர்ட்ஸ் சுரம் 488-க்கு ஏறும். அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. குளிர்ந்த அறையில் எடுத்த கருவி மூச்சின் வெப்பத்தில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால், அனுபவசாலிகள் பத்துப் பதினைந்து நிமிடம் வாசித்துச் சூடேறிய பிறகே சுருதியில் கைவைப்பார்கள். புதியவர் எடுத்ததும் சுருதி சேர்த்துவிட்டு, மூன்றாம் மெட்டில் எல்லாம் விலகிப்போனதே என்று திகைப்பார்.

சான்ட்டரின் சுரங்களும் ட்ரோனைப் பார்த்தே அமைகின்றன, பியானோவைப் பார்த்தல்ல. லோ ஏ 480 ஹெர்ட்ஸ் என்றால் காந்தாரம் 600, பஞ்சமம் 720. 5/4, 3/2 என்ற எளிய விகிதங்கள். மேல் நிஷாதமான ஹை ஜி-யை இன்றைய பைப்பர்களில் பலர் 7/4 விகிதத்தில், 840 ஹெர்ட்ஸில் வைக்கிறார்கள். அதே சுரம் பியானோ முறையில் 855-க்கு வரும். பாஸ் ட்ரோனின் 120-ஐ ஏழால் பெருக்கினால் 840. ட்ரோனின் ஏழாவது சீரிசையோடு ஹை ஜி பூட்டிக்கொள்கிறது. நிற்காத ட்ரோன் பின்னால் ஒலித்துக்கொண்டிருக்கும்போது 855 எவ்வளவு உறுத்தும் என்பதைக் காதால் கேட்டால்தான் தெரியும். மெக்நீல் அளந்த காலத்தில் லோ ஏ 460-ஐ ஒட்டி இருந்தது. இன்று போட்டி மேடைகளில் 480-ஐ ஒட்டி ஏறிவிட்டது. பியானோவில் அந்த உயரத்தில் கட்டையே கிடையாது. 466-க்கும் 494-க்கும் நடுவே அந்தரத்தில் நிற்கிறது. ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்க வேண்டியவர்கள் 466-க்குத் தனியாகச் சான்ட்டர் வாங்குகிறார்கள்.

ஈரமும் இரைச்சலும்

மூச்சோடு போகும் ஈரம் பையில் தங்கும். சான்ட்டரின் நாணல் சீவாளிக்கு ஓரளவு ஈரம் வேண்டும். வறண்டால் கரகரக்கும், ஊறினால் வாய் மூடும். அந்த ஈரம் வேறு சிலருக்கும் பிடிக்கும். 2016-இல் ‘தோராக்ஸ்’ மருத்துவ இதழில் மான்செஸ்டர் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். நாள்தோறும் பேக்பைப் வாசித்த 61 வயதுக்காரர். பல ஆண்டுகளாக வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும். மருந்துகள் கைகொடுக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தபோது மட்டும் தேறினார். பேக்பைப்பை அவர் கூடக் கொண்டுபோகவில்லை. கருவியின் உட்புறத்தைச் சோதித்ததில் பலவகைப் பூஞ்சைகள் வளர்ந்தன. மூச்சிழுக்கும்போது அவற்றின் வித்துகள் நுரையீரலுக்குப் போய் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கியிருக்கலாம் என்பது மருத்துவர்களின் முடிவு. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. வாசித்து முடித்ததும் குழல்களைக் கழற்றித் துடைத்து உலரவைப்பது சலிப்பான வேலைதான். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

காதுக்கும் இதே எச்சரிக்கை. முழுக் கருவியின் ஒலி வாசிப்பவரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது தொழிற்சாலைகளில் பின்பற்றும் ஒரு கணக்கு. அதன்படி 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் கெடு. காதடைப்பான் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாடிக் காட்டும் பாடம்

விரலும் கையும் காதும் ஒருவழியாக இணங்கிவிட்ட பிறகு மிச்சமிருப்பது இரண்டாவது செலவு: ஏற்ற இறக்கம். எல்லாச் சுரமும் ஏறத்தாழ ஒரே பலத்தில் ஒலிக்கும் கருவியில் எதை அழுத்திச் சொல்வது? பைப்பரிடம் இருப்பது நேரம் ஒன்றுதான். முக்கியமான சுரத்தை இழை அளவு நீட்டுவார். அடுத்ததை அந்த அளவுக்குக் குறுக்குவார். நீண்டு ஒலித்ததை நம் காது அழுத்தமாக ஒலித்ததாக எடுத்துக்கொள்கிறது. பீப்ராக் என்ற நீண்ட, நிதானமான இசைவகையில் இந்த நீட்டலும் குறுக்கலுமே எல்லாம்.

இதைத் தாளில் எழுதுவது கடினம். மலைநாட்டு பேக்பைப்புக்கான முதல் விரிவான நூலை எழுதியவர் ஜோசப் மெக்டொனால்ட். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக 1760-இல் இந்தியாவுக்குக் கப்பலேறிய இளைஞர். அந்தப் பயணத்தில்தான் அதை எழுதினார். 1763-இல் வங்காளத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். கையெழுத்துப் படி பிறகு கண்டெடுக்கப்பட்டு, அண்ணன் பேட்ரிக்கின் முயற்சியால் 1803-இல் அச்சேறியது. விரல் அசைவுகளை மேற்கத்திய இசைக்குறிகளில் அவர் நுணுக்கமாகப் பதிந்தார். 1797-இல் காலின் கேம்பெல் எழுதிய சுவடி வேறு வழியில் போனது. அதில் இசைக்குறியே கிடையாது, பக்கம் பக்கமாக அசைகள். உயிரெழுத்து மெட்டின் சுரத்தையும் மெய்யெழுத்து கிரேஸ் நோட்டையும் குறிக்கும். ‘கன்டரக்’ என்ற இந்த முறையை, மிருதங்கம் கற்பவர் சொற்கட்டைச் சொல்லிப் பழகுவதுபோல, மலைநாட்டு ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக வாயால் பாடிக் கற்பித்து வந்தார்கள்.

இன்று பதிவுகளும் செயலிகளும் வந்துவிட்டன. ஆனாலும் பீப்ராக் வகுப்பில் ஆசிரியர் பாடுகிறார், மாணவர் திரும்பப் பாடுகிறார், அதன் பிறகே குழல் கைக்கு வருகிறது. பாடும்போது ஆசிரியர் மூச்சு விட்டாக வேண்டும். எங்கே விடுகிறாரோ அங்கே ஒரு வாக்கியம் முடிகிறது. குழலில் அந்த இடைவெளி ஒலிக்காது. கடைசிச் சுரத்தைச் சற்று நீட்டுவதன் மூலம் மாணவர் அதை விரலில் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்துவிட்டாரா என்று சோதிக்க ஆசிரியர்கள் கையாளும் வழி எளிது: மாணவர் வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடிப் பார்ப்பார்கள். பாடுபவருக்கு மூச்சு முட்டினால், வாசிப்பு இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்.